வெளிமாநில வாரண்டில் உறவினர் கைதானால்: வண்டி மாவட்ட எல்லையைத் தாண்டும் முன் செய்ய வேண்டியவை

இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் கதவைச் சாத்தும் நேரத்தில்தான் இப்படிப்பட்ட செய்தி பெரும்பாலும் வருகிறது. "ஹஜ்ரத், மச்சானை போலீஸ் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. நம்ம ஊர் போலீஸ் இல்லை. அவங்க பேசுற பாஷையே புரியலை." வலங்கைமான் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது வெளியூரில் பிழைப்பவர். பெங்களூரில் கடை, கேரளாவில் வியாபாரம், மும்பையில் வேலை, வளைகுடாவில் சம்பாத்தியம் என்று கால் படாத இடமில்லை. போன இடத்தில் கொடுத்த ஒரு செக், போட்ட ஒரு கையெழுத்து, ஒரு விபத்து, ஒரு சண்டை ஆகியவை பல ஆண்டுகள் கழித்து வாரண்டாகி வாசலுக்கு வந்து நிற்கின்றன.

அந்த நேரத்தில் குடும்பத்தார் செய்யும் தவறுகள் மூன்று. ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போலீஸ் வண்டிக்குப் பின்னாலேயே ஓடுவது. "எனக்கு ஆளைத் தெரியும்" என்பவர் கையில் பணத்தைக் கொடுப்பது. வெட்கப்பட்டு விடியும் வரை யாரிடமும் சொல்லாமல் இருப்பது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். வெளிமாநில வழக்கு என்றால் ஆக வேண்டியதெல்லாம் அந்த மாநிலத்தில்தான் ஆகும் என்று நினைத்துவிடுகிறோம். அது சரியல்ல. சட்டம் நம் மாவட்டத்திலேயே ஒரு நிறுத்தத்தை வைத்திருக்கிறது. அந்த நிறுத்தத்தில் நாம் இறங்கிக் கேட்காததால்தான் பலர் தேவையில்லாமல் ஆயிரம் கிலோமீட்டர் கைதியாகப் பயணம் செய்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் வந்த ஒரு குடும்பம் அப்படித்தான் ஓடியது. வாரண்டில் என்ன பிரிவு என்று யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், மொழி தெரியாத ஓர் ஊரின் நீதிமன்ற வராந்தாவில் வைத்துத்தான் அது செக் வழக்கு என்று தெரிந்தது. செக் வழக்கு ஜாமீனில் விடத்தக்க குற்றம். திருவாரூரிலேயே கேட்டிருக்க வேண்டியதை அங்கே போய்க் கேட்டார்கள். அந்த மூன்று நாளும் செலவும் யாருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை.

தூரமே பாதி தண்டனை

இதன் பெரிய வடிவத்தை நாடே பார்த்திருக்கிறது. கேரளத்தின் அப்துந் நாசிர் மஅதனி 1998 மார்ச் 31 அன்று கைது செய்யப்பட்டு, கோவை குண்டுவெடிப்பு வழக்கில் தமிழகச் சிறையில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். 2007 ஆகஸ்ட் 1 அன்று நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மூன்றாண்டுகள் கழித்து, 2010 ஆகஸ்ட் 17 அன்று, பெங்களூரு வழக்கின் வாரண்டுடன் வந்த கர்நாடகப் போலீஸார் கொல்லம் மாவட்டம் அன்வாருசேரியில் அவரைக் கைது செய்து கொண்டுசென்றனர். 2014 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. ஆனாலும் அவர் பெங்களூரிலேயே இருக்க வேண்டியிருந்தது. சொந்த மாநிலத்தில் தங்க அனுமதி கிடைத்தது 2023 ஜூலையில். வழக்கின் நியாயம் நீதிமன்றத்தின் பொறுப்பு. நாம் கவனிக்க வேண்டியது, ஜாமீன் கிடைத்த பிறகும் ஒன்பது ஆண்டுகள் தூரம் மட்டும் தொடர்ந்ததைத்தான். சாதாரண வழக்குகளிலும் அளவு குறைவே தவிர தன்மை ஒன்றுதான். வீடு, வக்கீல், ஜாமீன்தாரர், மொழி ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் தூரமாகிவிடுகின்றன.

முதல் கேள்வி: வாரண்டா, வாரண்ட் இல்லாத கைதா?

வந்திருப்பவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இரண்டுக்கும் வழி வேறு.

நீதிமன்றம் பிறப்பித்த வாரண்டை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் நிறைவேற்றலாம். "நம்ம ஊர்ல வந்து எப்படிக் கைது பண்ணலாம்?" என்று வாக்குவாதம் செய்வதில் பயனில்லை. கைது செய்பவர் வாரண்டின் சாரத்தைச் சொல்ல வேண்டும். கேட்டால் வாரண்டைக் காட்டவும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. எனவே பணிவாக, ஆனால் விடாமல், "வாரண்டைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அது எழுத்தில் இருக்க வேண்டும். நீதிபதியின் கையெழுத்தும் நீதிமன்ற முத்திரையும் இருக்க வேண்டும்.

வாரண்ட் இல்லாமல், விசாரணையில் இருக்கும் வழக்குக்காக வெளிமாநிலப் போலீஸார் நேரடியாகக் கைது செய்வது இரண்டாவது வகை. இன்று வங்கிக் கணக்கு மோசடி வழக்குகளில் இது அதிகம். தன் கணக்கையோ சிம் கார்டையோ அடுத்தவருக்குக் கொடுத்த இளைஞர்கள் இதில் சிக்குகிறார்கள்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. வீடியோ அழைப்பில் சீருடையுடன் தோன்றி, வாரண்ட் என்று ஒரு தாளைக் காட்டி, பணம் அனுப்பினால் விட்டுவிடுகிறோம் என்பவர்கள். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

வாரண்டில் பார்க்க வேண்டியவை

கைபேசியில் படம் எடுக்க அனுமதித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

1. நீதிமன்றத்தின் பெயர், ஊர், வழக்கு எண், வாரண்ட் தேதி.
2. சட்டமும் பிரிவும்.
3. கைது செய்யப்பட வேண்டியவரின் பெயர், தந்தை பெயர், முகவரி.
4. ஜாமீன் பற்றி வாரண்டிலேயே குறிப்பு ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என்பது.
5. வந்திருக்கும் அதிகாரியின் பெயர், பதவி, காவல் நிலையம், கைபேசி எண், வண்டி எண்.
6. எந்த நீதிமன்றத்துக்கு, எந்த வழியாக, எப்போது கொண்டுபோகிறார்கள் என்பது.

மூன்றாவது விஷயத்தில் நம் சமுதாயத்தினர் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். ஒரே தெருவில் நான்கு அப்துல் காதர்களும் மூன்று முஹம்மது இப்ராஹீம்களும் இருப்பார்கள். நமக்குக் குடும்பப் பெயர் எழுதும் வழக்கமில்லை, இனிஷியல்தான். வெளிமாநிலத்தில் அந்த இனிஷியலை விரித்துத் தந்தையின் பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிடுகிறார்கள். எனவே ஆதார், பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ், குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்களை உடனே எடுத்துக்கொண்டு போங்கள். நீதிமன்றம் குறிப்பிட்ட நபர்தான் இவர் என்று தோன்றினால் மட்டுமே மேற்கொண்டு கொண்டுசெல்ல உத்தரவிட வேண்டும் என்பது சட்டம். ஆள் மாறியிருந்தால் அதைச் சொல்ல ஏற்ற இடம் நம் மாவட்டம்தான்.

நம் மாவட்டத்து நிறுத்தம்

வாரண்ட் பிறப்பித்த மாவட்டத்துக்கு வெளியே கைது நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை சன்ஹிதாவின் 82, 83ஆம் பிரிவுகள் சொல்கின்றன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இவை 80, 81. வாரண்ட் பிறப்பித்த நீதிமன்றம் கைது நடந்த இடத்திலிருந்து 30 கிலோமீட்டருக்குள் இருந்தாலோ, நம் மாவட்ட அதிகாரிகளைவிடப் பக்கத்தில் இருந்தாலோ, வாரண்டிலேயே எழுதப்பட்டபடி பிணை பெறப்பட்டிருந்தாலோ ஒழிய, கைதானவரை முதலில் இங்குள்ள நிர்வாகத் துறை நடுவர் அல்லது மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் முன் நிறுத்த வேண்டும். நிர்வாகத் துறை நடுவர் என்பது வேறு யாரும் அல்ல. நம் தாசில்தார் அந்த அதிகாரம் உள்ளவர்தான். வலங்கைமானுக்கு மிக அருகில் உள்ள அயல் நிர்வாகம் புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால். அதுவே 30 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

அங்கே நிறுத்தப்பட்ட பிறகு இரண்டு வழிகள் திறக்கின்றன.

குற்றம் ஜாமீனில் விடத்தக்கதாக இருந்து, கைதானவர் ஜாமீன் கொடுக்கத் தயாராக இருந்தால், அந்த அதிகாரி ஜாமீனை ஏற்க வேண்டும். ஏற்று, பத்திரத்தை வாரண்ட் பிறப்பித்த நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். கைதானவர் வீட்டுக்குத் திரும்பி, குறித்த தேதியில் அந்த நீதிமன்றத்தில் ஆஜராகலாம்.

குற்றம் ஜாமீனில் விடத்தகாததாக இருந்தாலும் கதவு முழுவதும் மூடிவிடவில்லை. கைது நடந்த மாவட்டத்தின் தலைமைக் குற்றவியல் நடுவர் அல்லது அமர்வு நீதிபதி, வாரண்டுடன் வந்த தகவல்களையும் ஆவணங்களையும் பார்த்து ஜாமீனில் விடலாம். வலங்கைமான் வட்டத்துக்கு அந்த இடம் திருவாரூர். இது கட்டாயமல்ல, நீதிபதியின் முடிவு. கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் வண்டி புறப்படும் முன் கேட்டால்தான் கிடைக்கும்.

இங்கே ஒரு சொல் பலரை ஏமாற்றுகிறது. "ஜாமீனில் வெளிவர முடியாத வாரண்ட்" என்று கேட்டதும் குடும்பம் கைவிட்டுவிடுகிறது. வாரண்டின் வகை வேறு, குற்றத்தின் வகை வேறு. செக் வழக்கில் இரண்டு வாய்தாவுக்குப் போகாமல் இருந்தாலே இப்படி ஒரு வாரண்ட் வந்துவிடும். ஆனால் குற்றம் ஜாமீனில் விடத்தக்கதுதான். 83ஆம் பிரிவின் சொற்கள் குற்றத்தைப் பற்றியே பேசுகின்றன. வக்கீல் எடுத்துச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். அதனால்தான் அந்த இரவில் முதல் தொலைபேசி அழைப்பு திருவாரூரிலோ மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ உள்ள ஒரு கிரிமினல் வக்கீலுக்குப் போக வேண்டும் என்கிறோம்.

வாரண்ட் இல்லாத கைதில்

வாரண்ட் இல்லாமல் கைது செய்தவர்கள், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு தரும் உரிமை இது. வெகுதூரம் கொண்டுபோக வேண்டுமென்றால் அருகிலுள்ள நடுவரிடம் "டிரான்சிட் ரிமாண்ட்" என்ற பயணக் காவல் உத்தரவு வாங்குவார்கள். இது வெறும் முத்திரை குத்தும் சடங்கல்ல. 2018 ஆகஸ்ட் 28 அன்று புனே போலீஸார் எழுத்தாளர் கௌதம் நவ்லாகாவை டெல்லியில் கைது செய்து இந்த உத்தரவைப் பெற்றனர். ஆவணங்கள் பெரும்பாலும் மராத்தியில் இருந்தன. மொழி தெரியாத நடுவர் எதைப் பார்த்து முடிவெடுத்தார் என்ற கேள்வி எழுந்தது. அக்டோபர் 1 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அவர் மீதான வழக்கு பிறகும் தொடர்ந்தது என்பது வேறு விஷயம். கன்னடத்திலோ இந்தியிலோ உள்ள தாள்களைக் காட்டித் திருவாரூரில் உத்தரவு கேட்கும்போது நம் வக்கீலும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

மொழி பற்றி இன்னொரு பாதுகாப்பும் உண்டு. எந்தச் சட்டத்தின் கீழ் கைது செய்தாலும் காரணங்களை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 2025 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே முடியாவிட்டால், நடுவர் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவேனும் தர வேண்டும்.

கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஜமாஅத் செயலாளரோ இமாமோ அந்தச் சாட்சியாக நிற்கலாம். நேரமும் இடமும் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வெற்றுத்தாளில் எவரும் கையெழுத்திட வேண்டாம். பெண்களைச் சூரியன் மறைந்த பின்பும் உதிக்கும் முன்பும் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான சூழலிலும் பெண் அதிகாரி, நடுவரின் முன் அனுமதியுடன்தான் செய்யலாம்.

கைதானவரிடம் நாம் சொல்லியனுப்ப வேண்டியது இரண்டே வாக்கியங்கள். வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். உடம்பில் உள்ள நோயையும் சாப்பிடும் மாத்திரையையும் மருத்துவரிடமும் நடுவரிடமும் சொல்லுங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளைச் சீட்டுடன் அந்த அதிகாரியிடமே கொடுத்துவிடுங்கள்.

அவர் போய்ச் சேரும் முன் வக்கீல் அங்கே இருக்க வேண்டும்

இங்கே ஜாமீன் கிடைக்கவில்லையென்றால், வண்டியைத் துரத்துவதைவிட வண்டிக்கு முன்னால் ஒரு வக்கீலை நிறுத்துவதே உதவி. காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் கொடுத்திருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே எண்: 15100. ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு. வழக்கு எண்ணையும் நீதிமன்றத்தின் பெயரையும் கையில் வைத்துக்கொண்டு, அந்த மாவட்ட ஆணைக்குழுவை இங்கிருந்தே தொடர்புகொள்ளுங்கள். வழக்கின் நிலையை இ-கோர்ட்ஸ் தளத்தில் நீங்களே பார்க்கலாம்.

அந்த ஊரில் இருக்கும் நம் ஊர்க்காரரைத் தேடுங்கள். அவர் வழக்கு நடத்த வேண்டியதில்லை. நீதிமன்றத்துக்குப் போய் நின்று, வக்கீல் சொல்வதைத் தமிழில் நமக்குச் சொன்னால் போதும்.

ஜாமீன்தாரர் எங்கே?

ஜாமீன் உத்தரவு வந்த பிறகுதான் பலர் சோர்ந்து போகிறார்கள். "உள்ளூர் ஜாமீன்தாரர் இரண்டு பேர்" என்று கேட்கிறார்கள். மொழி தெரியாத ஊரில் நமக்காக யார் கையெழுத்துப் போடுவார்?

ஜாமீன் என்ற சொல்லே பொறுப்பேற்பவர் என்ற பொருள்படும் "ளாமின்" என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. வக்கீல் என்பதும் அப்படி வந்ததுதான். ஒருவரைக் குறித்த நேரத்தில் ஆஜர்படுத்துவேன் என்று பொறுப்பேற்பது ஃபிக்ஹ் நூல்களில் தனிப் பாடமாகவே இருக்கிறது. அந்தப் பொறுப்பு, ஆளைத் தெரிந்தவருக்குத்தான் முடியும். வலங்கைமான்காரரைத் தெரிந்தவர் வலங்கைமானில்தானே இருப்பார்?

உச்ச நீதிமன்றமும் 1978இலேயே இதைச் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோத்தி ராம் ஒரு கொத்தனார். அவர் சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கீழ்நீதிமன்றம் ஜாமீனை ஏற்க மறுத்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். தெற்கத்திக்காரர் ஒருவர் வடக்கே கைதானால் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டு, ஊரையும் மொழியையும் காரணம் காட்டி ஜாமீன்தாரரை மறுக்கக் கூடாது என்றார்.

ஆனாலும் நடைமுறை மாறவில்லை. கேரளப் பத்திரிகையாளர் சித்தீக் காப்பன் 2020 அக்டோபர் 5 அன்று உத்தரப் பிரதேசத்தில் கைதானார். 2022 செப்டம்பர் 9 அன்று ஒரு வழக்கிலும் டிசம்பர் 23 அன்று மற்றொரு வழக்கிலும் ஜாமீன் கிடைத்தது. சிறைக்கதவு திறந்தது 2023 பிப்ரவரி 2 அன்று. அவருக்கு ஜாமீன்தாரராக முன்வந்தவர்களில் லக்னோ பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் ரூப் ரேகா வர்மாவும் ஒருவர். முன்பின் அறியாத ஒருவருக்காக, எழுபது வயதைத் தாண்டிய அந்தப் பெண்மணி தன் பெயரைக் கொடுத்தார். நம் ஊரில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளி ஒருவர் இங்கே கைதானால் நம்மில் யார் முன்வருவோம் என்று கேட்டுக்கொள்வதும் நல்லது.

வக்கீல் மேற்கோள் காட்டக்கூடிய இன்னும் இரண்டு ஆணைகள் உண்டு. உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்துவது விடுதலையைத் தாமதப்படுத்துகிறது, அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளுக்குள் வெளிவராத கைதியைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே ஆணையில் உண்டு. அடுத்து 2024 ஆகஸ்ட் 22 அன்று, பல மாநிலங்களில் 13 வழக்குகள் உள்ள ஒருவருக்கு, ஒரே ஜாமீன்தாரர்களைப் பல வழக்குகளுக்கும் ஏற்கலாம் என்று அனுமதித்தது.

இங்கிருந்து ஜாமீன்தாரராகப் போகிறவர் தாசில்தாரிடம் சொத்து மதிப்புச் சான்றிதழ் வாங்கி, பத்திர நகல், வரி ரசீது, ஆதார் ஆகியவற்றுடன் போகட்டும். நீதிமன்ற வாசலில் கூலிக்கு ஜாமீன் நிற்பவர்களை ஏற்பாடு செய்யும் தரகர்களிடம் போகாதீர்கள். அது புதிதாக ஒரு வழக்கைச் சம்பாதிக்கும் வழி.

வாரண்ட் இருப்பது முன்பே தெரிந்தால்

வாரண்ட் பழசாகித் தானாகச் சாகாது. பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரை, அல்லது நிறைவேற்றப்படும் வரை, அது உயிரோடு இருக்கும். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர் திருச்சி விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்படுவதற்கு, பத்து ஆண்டுக்கு முந்தைய வழக்கு ஒன்றுக்காகப் பிறப்பித்த தேடுதல் சுற்றறிக்கை காரணமாக இருக்கலாம். தெரிந்தவுடன் அந்த நீதிமன்றத்தில் வக்கீல் மூலம் வாரண்டைத் திரும்பப் பெற மனுச் செய்வதே நேர்வழி. செக் வழக்கு சமாதானமாக முடிக்கத்தக்கது. உண்மையிலேயே கடன் பட்டிருந்தால் அதைத் தீர்ப்பதுதான் முதல் பரிகாரம். அதற்கு வக்கீல் தேவையில்லை, மனசாட்சி போதும்.

வெளிமாநில வழக்கில் கைதாகலாம் என்ற நியாயமான அச்சம் இருந்தால், இங்குள்ள நீதிமன்றத்திலேயே குறுகிய கால முன்ஜாமீன் கேட்கலாம் என்று 2023 நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அந்த அவகாசத்தில் வழக்கு நடக்கும் மாநிலத்தின் நீதிமன்றத்தை அணுக வேண்டும். ஒரு விஷயத்தில் நம் பகுதியினர் குழம்புகிறார்கள். பக்கத்தில் இருக்கும் கும்பகோணம் தஞ்சை மாவட்டம் என்பதால் உயர் நீதிமன்றத்துக்கு மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். வலங்கைமான் திருவாரூர் மாவட்டம் என்பதால் சென்னைக்குத்தான் போக வேண்டும். திசை மாறினால் ஒரு நாள் போய்விடும்.

ஜமாஅத் செய்ய வேண்டியது

"தப்பு பண்ணியிருந்தால் அனுபவிக்கட்டுமே, ஜமாஅத்துக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. குற்றத்துக்குத் துணை போவது நம் வேலையல்ல. பாதிக்கப்பட்டவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். ஆனால் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்பது நீதிமன்றம். அதுவரை ஒருவரை மொழி தெரியாத ஊரில் வக்கீல் இல்லாமல், மாத்திரை இல்லாமல், ஜாமீன்தாரர் இல்லாமல் விட்டுவைப்பது எந்தச் சட்டத்திலும் தண்டனையாக எழுதப்படவில்லை.

எனவே ஒவ்வொரு மஹல்லாவிலும் இப்போதே சிலவற்றைச் செய்து வைக்கலாம். இரவிலும் தொலைபேசியை எடுக்கும் இரண்டு கிரிமினல் வக்கீல்களின் எண்களைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். பக்கத்திலேயே 15100 என்ற எண்ணும் இருக்கட்டும். பெங்களூர், கொச்சி, மும்பை, ஹைதராபாத் என்று நம் ஊர்க்காரர்கள் இருக்கும் நகரங்களில் ஆளுக்கொருவர் பெயரைக் குறித்து வையுங்கள். கைதானவரின் படத்தையும் வழக்கு விவரத்தையும் வாட்ஸ்அப் குழுவில் பரப்புவதைத் தடுத்து நிறுத்துங்கள். மறுநாள் காலை அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்களா என்று போய்ப் பாருங்கள்.

இவ்வளவும் நினைவில் நிற்காவிட்டாலும் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வாசலில் நிற்பவரிடம் கேட்க வேண்டியது, "சார், வாரண்டைப் பார்க்கலாமா? எந்தப் பிரிவு?" இந்த இரண்டு கேள்விகளையும் அன்றிரவே கேட்ட குடும்பத்துக்குத் திருவாரூரிலேயே வழி பிறக்கலாம். அல்லாஹ் நம் அனைவரின் குடும்பங்களையும் பாதுகாப்பானாக.